அண்ணன் மகள் தந்த சிறுநீரகம்

1984-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி. அமெரிக்காவில், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள டவுன்ஸ்டேட் ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டு முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் ஆபரேஷன் அங்கே நடந்தது. சிறுநீரகத்தைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் எம்.ஜி.சக்கரபாணியின் மகள் லீலாவதி.

அதற்கு 5 நாள் கழித்துத் தமிழ்நாட்டில் தேர்தல். ஊருக்கே வராமல் ஆண்டிப்பட்டித் தொகுதியில் எம்.ஜி.ஆர். வெற்றி பெற்றார். 1985 பிப்ரவரி 4-ந் தேதி சென்னை திரும்பினார். 10-ந் தேதி மீண்டும் முதல்-அமைச்சராகப் பதவி ஏற்றார். 1987 டிசம்பர் 24-ந் தேதி மறையும் வரை அந்தப் பதவியில் இருந்தார்.

“ஒருவர் சிறுநீரகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைக்க முடியுமா?” என்று பட்டிதொட்டி எல்லாம் பேசப்பட்டது அப்போதுதான். இன்று அந்தப் பேச்சு தாராவி சால்களிலும், மாட்டுங்கா, செம்பூர் வீடுகளிலும் சொந்தக் கவலையாக வந்து நிற்கிறது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பெருகப் பெருக, சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் படுக்கைக்குப் போகிறவர்களும் பெருகி வருகிறார்கள்.

முதல் முயற்சி பம்பாயில்

உலகில் முதன்முதலாக வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று ஆபரேஷன் 1954 டிசம்பர் 23-ந் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் இரட்டைப் பிறவிகள். செய்தவர் டாக்டர் ஜோசப் முர்ரே. 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் முதல் முயற்சி நடந்த இடம் நம் மும்பைதான். பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியில் 1965-ம் ஆண்டு மே மாதம், இறந்தவர் உடலிலிருந்து எடுத்த சிறுநீரகத்தை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அவர் நெடுநாள் பிழைக்கவில்லை. உயிருடன் இருப்பவர் கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தி இந்தியாவில் முதல் வெற்றி கண்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அது 1971-ல்.

ஆபரேஷன் செய்வதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. உடம்பு, தனக்குச் சொந்தமில்லாத உறுப்பைப் பகையாக நினைத்து ஒதுக்கிவிடும். அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்து 1980-களில் புழக்கத்துக்கு வந்தது. இப்போது டாக்ரோலிமஸ் என்ற மருந்தைப் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

ரத்தத்தைச் சலிக்கும் சல்லடை

முதுகின் கீழ்ப்புறம் முதுகெலும்பின் இரு பக்கமும் அவரை விதை வடிவத்தில் இருப்பவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் கைமுஷ்டி அளவு. எடை சுமார் 150 கிராம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. நாள் ஒன்றுக்கு சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. ரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும், ரத்தம் ஊறச் செய்யும் ஒரு சுரப்பைத் தருவதும் இவற்றின் வேலைகள்தான்.

இந்த வடிகட்டிகள் கெடும்போது ஆரம்பத்தில் வலி எதுவும் தெரிவதில்லை. பாதிக்கு மேல் பழுதான பிறகும் மனிதன் வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பான். கால் வீக்கம், முக வீக்கம், குமட்டல், அசதி, மூச்சு முட்டல் என்று வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சிறுநீரகத்தின் திறன் நூற்றுக்குப் பதினைந்துக்கும் கீழே இறங்கினால் அதைக் கடைசிக் கட்டம் என்கிறார்கள் டாக்டர்கள். அதற்குப் பிறகு இரண்டே வழிகள்: டயாலிசிஸ், அல்லது மாற்றுச் சிறுநீரகம்.

ஜெ.பி.யும் ஒரு தமிழ் டாக்டரும்

டயாலிசிஸ் என்ற சொல்லை மும்பைக்காரர்கள் கேள்விப்பட்டது ஜெயப்பிரகாஷ் நாராயணன் மூலம். நெருக்கடி நிலைக் காலத்தில் காவலில் இருந்தபோது அவருடைய சிறுநீரகங்கள் பழுதடைந்தன. 1975 நவம்பரில் விடுவிக்கப்பட்ட அவரை மும்பை ஜஸ்லோக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். 1979 அக்டோபர் 8-ந் தேதி பாட்னாவில் காலமாகும் வரை டயாலிசிஸ்தான் அவரைக் காத்தது.

அங்கே அவருக்குச் சிகிச்சை அளித்தவர் டாக்டர் எம்.கே.மணி என்ற தமிழர். பின்னர் அவர் சென்னை அப்பல்லோ ஆஸ்பத்திரிக்குச் சென்றார். 1984-ல் எம்.ஜி.ஆர். முதலில் சேர்க்கப்பட்டதும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

டயாலிசிஸ் என்பது ரத்தத்தை வெளியே எடுத்து, எந்திரத்தின் வழியே சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் செலுத்துவது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 156 முறை. உயிரைக் காக்கும் சிகிச்சைதான். ஆனால் இடைவிடாமல் வேலை செய்யும் சிறுநீரகத்துக்கு வாரத்தில் 12 மணி நேரம் ஓடும் எந்திரம் முழு ஈடாகாது.

தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, சைக்கிளில் கட்டி ஊரெல்லாம் விற்கும் தமிழர் குடும்பங்களை எல்லோரும் அறிவார்கள். அப்படி ஒரு வீட்டில் சைக்கிள் மிதிப்பவருக்கு இந்த நோய் வந்தால் என்ன ஆகும்? வாரத்தில் மூன்று நாள் வியாபாரம் போய்விடும். ஆஸ்பத்திரி வரை துணைக்குப் போகும் மனைவிக்கும் அந்த நாள் போய்விடும். மாவு ஆட்டுவது யார், பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம் கட்டுவது யார் என்ற கேள்விகள் நோயைவிடப் பெரிதாக நிற்கும். இதனால்தான் தகுதி உள்ளவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகமே மேல் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் டயாலிசிஸில் இருப்பவர்களைவிடப் பொதுவாக அதிக ஆண்டுகள் வாழ்கிறார்கள்.

ஆபரேஷன் எப்படி?

பழுதான சிறுநீரகத்தை வெட்டி எறிந்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழையவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றில், இடுப்பெலும்பின் குழிவில் வைத்து, காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களோடு இணைக்கிறார்கள். சிறுநீர்க் குழாயைச் சிறுநீர்ப் பையில் தைக்கிறார்கள். ஆக, ஆபரேஷன் முடிந்தவருக்குச் சிறுநீரகங்கள் மூன்று!

உயிருடன் இருப்பவர் கொடுத்த சிறுநீரகம் பல நேரம் ஆபரேஷன் மேஜையிலேயே சிறுநீரை இறக்கத் தொடங்கிவிடும். சராசரியாக 15 முதல் 20 ஆண்டுகள் வரை அது வேலை செய்யும். இறந்தவரிடமிருந்து பெற்றது 10 முதல் 15 ஆண்டுகள். இவை சராசரிக் கணக்குதான். இதைவிட நெடுங்காலம் ஓடியவையும் உண்டு. விரைவில் நின்றவையும் உண்டு.

கொடுப்பது யார்?

இந்த இடத்தில்தான் வீட்டுக்குள் பேச்சு தடுமாறுகிறது.

சட்டப்படி நெருங்கிய உறவினர் என்றால் தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி. 2011-ம் ஆண்டுத் திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியும் சேர்க்கப்பட்டார்கள். ரத்தப் பிரிவு பொருந்த வேண்டும். கொடுப்பவருக்குச் சர்க்கரையோ, கட்டுக்கடங்காத ரத்தக் கொதிப்போ இருக்கக் கூடாது. இருதயம், நுரையீரல், மனநிலை என்று எல்லாவற்றையும் சோதித்த பிறகே டாக்டர்கள் சம்மதிப்பார்கள்.

ஒரு சிறுநீரகத்தோடு வாழ முடியுமா? முடியும். மிஞ்சிய ஒன்று சற்றுப் பருத்துக் கூடுதல் வேலையைத் தானே ஏற்றுக்கொள்ளும். இப்போது பெரும்பாலும் சிறு துளைகள் வழியே குழாய் செலுத்தி ஆபரேஷன் செய்வதால், கொடுத்தவர் 4 முதல் 6 வாரத்தில் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம். கல்யாணம், பிள்ளைப்பேறு எதற்கும் இது தடையில்லை. ஆனால் “ஒன்றுமே ஆகாது” என்று சொல்வதும் சரியல்ல. இதுவும் ஒரு பெரிய ஆபரேஷன்தான். கொடுத்தவர் ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நாட்டில் யார் கொடுக்கிறார்கள்? தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோவின் கணக்கு இது: 2019 முதல் 2023 வரை உயிருடன் இருப்பவர்கள் செய்த உறுப்பு தானங்கள் 56,509. அவற்றில் 36,038 பெண்கள் கொடுத்தவை. ஆனால் உறுப்பைப் பெற்றவர்களில் பெண்கள் 17,041 பேர்தான்.

அம்மா கொடுக்கிறாள்; மனைவி கொடுக்கிறாள்; அக்கா கொடுக்கிறாள். அவர்களுக்கு நோய் வரும்போது கொடுக்க ஆள் இல்லை! “அவர் சம்பாதிக்கிறவர், நீதான் வீட்டில் இருக்கிறாயே” என்று சொல்லிச் சம்மதம் வாங்குவது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. கொடுப்பவர் மனமாரச் சம்மதிக்கிறாரா என்று ஆஸ்பத்திரியில் தனியாக அழைத்துக் கேட்பது இதற்காகத்தான். அந்த அறையில் “இஷ்டமில்லை” என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அம்மாவும் மனைவியும் முன்வரும் வீட்டில், அண்ணன் தம்பிகளும் சோதனைக்குப் போக வேண்டியதுதானே நியாயம்?

வீட்டில் மனம் இருந்தும் ரத்தப் பிரிவு பொருந்தாமல் போவது உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. இந்த வீட்டு அம்மாவின் சிறுநீரகம் அந்த வீட்டு மகனுக்கும், அந்த வீட்டு அப்பாவின் சிறுநீரகம் இந்த வீட்டு மகளுக்கும் என்று மாற்றிக்கொள்வதை 2011-ம் ஆண்டுத் திருத்தம் அனுமதிக்கிறது. 2013 ஜூனில் மும்பையில் இப்படி 5 ஜோடிகளுக்கு மூன்று ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் நடந்தது.

இன்ஷியலும் சர்நேமும்

உறவை வாயால் சொன்னால் போதாது. காகிதத்தில் காட்ட வேண்டும். பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு, ரேஷன் கார்டு, ஆதார், குடும்பப் போட்டோ ஆகியவற்றைக் கேட்பார்கள். தேவைப்பட்டால் மரபணுச் சோதனையும் செய்வார்கள்.

மும்பைத் தமிழர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஊரில் பெயருக்கு முன்னால் இன்ஷியல். மும்பையில் பெயருக்குப் பின்னால் சர்நேம். அப்பா பெயர் ஒரு கார்டில் கடைசியில், இன்னொரு கார்டில் நடுவில். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட கல்யாணங்களும் ஏராளம். நோய் முற்றிய பிறகு இவற்றைத் திருத்தத் திருநெல்வேலிக்கும் மும்பைக்கும் அலைவது கொடுமை. சிறுநீரகம் பாதி பழுது என்று தெரிந்தவுடனேயே காகிதங்களைச் சரி செய்யத் தொடங்குவது நல்லது.

நெருங்கிய உறவில்லாதவர் கொடுக்க முன்வந்தால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். அன்பினால் கொடுக்கிறாரா, பணத்துக்காகவா என்று குழு துருவிக் கேட்கும்.

புரோக்கர் வலை

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் இருக்கிறது. 1980-களில் மும்பையிலும் சென்னையிலும் சிறுநீரக வியாபாரம் வெளிப்படையாகவே நடந்தது. வெளிநாட்டிலிருந்து பணக்காரர்கள் வந்து வாங்கிப் போனார்கள். சென்னை வில்லிவாக்கத்துக்குக் “கிட்னிவாக்கம்” என்றே பெயர் வந்தது. சுனாமியில் வாழ்வு இழந்து எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்றது 2007-ல் அம்பலமானது.

விற்றவர்கள் வாழ்ந்தார்களா? சென்னையில் சிறுநீரகத்தை விற்ற 305 பேரைச் சந்தித்து நடத்திய ஆய்வு ஒன்று 2002-ல் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 86 பேருக்கு உடல்நலம் கெட்டது. “நீங்களும் விற்கலாம்” என்று பிறருக்குச் சொல்ல மாட்டோம் என்று 79 பேர் கூறினார்கள். சிறுநீரகம் போயிற்று, கடன் போகவில்லை!

1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. அது வேண்டும் என்று முதலில் தீர்மானம் போட்ட மாநிலங்களில் மகாராஷ்டிரமும் ஒன்று. உறுப்பை விற்றாலும், வாங்கினாலும், தரகு பேசினாலும் இப்போது 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அப்படியும் மோசடி ஒழிந்தபாடில்லை. 2016 ஜூலையில் மும்பையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், முன்பின் தெரியாத பெண்ணை நோயாளியின் மனைவி என்று போலிக் காகிதம் காட்டியது பிடிபட்டது. டாக்டர்களும் கைதானார்கள்.

“ஆள் ஏற்பாடு செய்கிறேன், முன்பணம் கொடு” என்று எவராவது வந்தால், அவர் எந்த ஊர்க்காரர் ஆனாலும், நம்பக் கூடாது.

சயானில் ஒரு பட்டியல்

வீட்டில் கொடுக்க யாரும் இல்லாதவர்களுக்கு மூளைச்சாவு அடைந்தவரின் தானமே நம்பிக்கை. விபத்தில் மூளை முழுதும் செயலிழந்தவருக்கு எந்திரத்தின் உதவியால் சிறிது காலம் இருதயம் துடிக்கும். ஆனால் அவர் பிழைக்கப் போவதில்லை. நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்று தர வேண்டும். பிறகு குடும்பத்தார் சம்மதித்தால் மட்டுமே உறுப்புகளை எடுப்பார்கள்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது மாணவன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். டாக்டர்களான பெற்றோர் அசோகனும் புஷ்பாஞ்சலியும் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். போலீசார் வழி ஒதுக்கிக் கொடுக்க, 11 நிமிடத்தில் அவன் இருதயம் சென்னை முகப்பேருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் ஓர் இயக்கமானது அதன் பிறகுதான். தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

மும்பையில் இந்தப் பட்டியலைப் பராமரிக்கும் மண்டல உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு மையம் வேறெங்கும் இல்லை. தாராவியை ஒட்டிய சயான் ஆஸ்பத்திரி வளாகத்தில்தான் இருக்கிறது. நோயாளி நேரே போய்ப் பெயர் கொடுக்க முடியாது. மாற்று ஆபரேஷன் செய்ய அனுமதி பெற்ற ஆஸ்பத்திரி மூலமே பதிவு செய்ய வேண்டும்.

முன்பு பல மாநிலங்களில் இருப்பிடச் சான்று இருந்தால்தான் பதிய முடியும் என்ற நிலை இருந்தது. 2023 பிப்ரவரியில் மத்திய அரசு இதை மாற்றியது. இருப்பிடச் சான்று தேவையில்லை, பதிவுக்குக் கட்டணம் கூடாது, 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் பதியலாம் என்று அறிவித்தது. ஊருக்கும் மும்பைக்கும் நடுவில் வாழும் தமிழர்களுக்கு இது பெரிய உதவி. நோட்டோவின் கட்டணமில்லா தொலைபேசி எண் 1800 11 4770.

2023-ல் இந்தியா முழுவதும் 13,426 பேருக்குச் சிறுநீரகம் மாற்றப்பட்டது. அதே ஆண்டில் இறந்த பின் உறுப்பு தானம் செய்தவர்கள் 1,099 பேர்தான். இத்தனை பெரிய நாட்டுக்கு இது கடுகளவு. “உறுப்பில்லாமல் அனுப்பினால் அடுத்த பிறவியில் குறையோடு பிறப்பான்” என்று பெரியவர்கள் கலங்குகிறார்கள். உடம்பை அலங்கோலப்படுத்தாமல் தைத்து மரியாதையோடுதான் திருப்பிக் கொடுப்பார்கள். சடங்குகள் எதற்கும் தடையில்லை.

பணமும் பயணமும்

தனியார் ஆஸ்பத்திரிகளில் பல லட்சம் செலவாகும். மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியத் திட்டத்தில் சிறுநீரக மாற்றுக்குக் கிடைக்கும் உதவியை 2023-ல் மகாராஷ்டிர அரசு இரண்டரை லட்சத்திலிருந்து நான்கரை லட்சமாக உயர்த்தியது. எந்தெந்த ஆஸ்பத்திரிகள் அதில் சேர்ந்தவை, எந்த ரேஷன் கார்டு செல்லும் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வேலூருக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் மறக்கக் கூடாத சலுகை ஒன்று உண்டு. மாற்று ஆபரேஷனுக்கோ டயாலிசிசுக்கோ பயணம் செய்யும் சிறுநீரக நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ரயில் கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரியின் சான்றிதழ் வேண்டும்.

ஆபரேஷனோடு செலவு முடிவதில்லை. எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை உயிர் உள்ளவரை, நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். “உடம்பு நன்றாக இருக்கிறதே” என்று நிறுத்தினால், அம்மா கொடுத்த சிறுநீரகம் சில வாரங்களிலேயே கெட்டுப்போகலாம். இந்த மருந்து கிருமிகளை எதிர்க்கும் சக்தியையும் குறைப்பதால், கொதித்து ஆறிய நீர், சுத்தமான சாப்பாடு, கூட்டத்தில் முகக் கவசம் ஆகியவை அவசியம்.

வருமுன்

ஜெ.பி.க்குச் சிகிச்சை அளித்த டாக்டர் மணி, பிற்காலத்தில் வேறொரு வேலையிலும் இறங்கினார். சென்னைக்கு அருகே கிராமங்களில் சுமார் 25,000 மக்களிடையே, பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி, வீடு வீடாக அனுப்பினார். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கிறதா என்று சோதிப்பதும், ரத்த அழுத்தம் அளப்பதும்தான் அவர்கள் வேலை. நோய் இருந்தவர்களுக்கு விலை குறைந்த மாத்திரைகளையே கொடுத்தார். சிறுநீரகம் கெடாமல் காக்க இவ்வளவு எளிய வழியும் உண்டு என்று உலக மருத்துவப் பத்திரிகைகளில் எழுதினார்.

அந்தக் கிராமங்களில் முடிந்தது மும்பையில் முடியாதா? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கோயில் மண்டபங்கள் இருக்கின்றன. தாராவியில் ஊர்ச் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் இருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதிக்க ஏற்பாடு செய்தால், எத்தனையோ பேரை டயாலிசிஸ் படுக்கைக்குப் போகாமல் தடுக்கலாம். நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் ஆகியோர் முதலில் போக வேண்டும்.

விடியுமுன் இட்லி அவிக்கும் வீட்டில், கணவன் மட்டுமல்ல, மாவு ஆட்டும் மனைவியும் அந்தச் சோதனைக்குப் போகட்டும்.